கார்னீலியாவும் எங்கள் ஊர்த் தையல்காரியும்

அக்ஸா பெனிமனைச் சந்தேகப்பட்டதற்காக யாரும் என்னை முறைக்க வேண்டாம். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். நாற்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆலைச் சாலையில் தன் பெயரிலேயே ஒரு சின்ன வீடு. அதன் சாவி அவள் இடுப்பில். வாசலில் நின்று யாரோடும் ஊர்க்கதை பேசமாட்டாள். நாம் நாலு வார்த்தை பேசினால் அவள் அரை வார்த்தை பேசுவாள். அப்படி ஒருத்தி வெஸ்ட் ஹார்லோ மாதிரி ஒரு மலையூரில் இருந்தால், பார்க்கிறவர்களுக்கு மனசில் ஏதாவது உறுத்தத்தானே செய்யும்?

அவளுடைய அப்பா செத்ததும் அண்ணன் ஜோத்தாம் பண்ணையை விற்றுவிட்டு நியூயார்க் மாநிலத்துக்கு வண்டி கட்டிவிட்டான். "நீயும் வா, அடுப்படிக்குப் பின்னால ஒரு அறை இருக்கு, பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டுக் கிட" என்று கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்களுக்கு எழுதி வைத்த விதி அதுதான். யாராவது ஒரு அண்ணன் வீட்டில் அத்தையாக இருந்து, சம்பளம் இல்லாமல் உழைத்துச் சாவது. இவள் போகவில்லை. ஆலைக்காரன் பெண்டாட்டி இறந்து ஆறேழு பிள்ளைகளோடு நின்றபோது வந்து அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான். "ஆலைக்கு ஆள் வேணும்னா கூலிக்கு வைங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் இவளுக்கு இவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே எனக்குள் ஒரு கேள்வி விழுந்துவிட்டது.

அவளுக்குத் தொழில் ஆண்களுக்குக் கோட்டும் கால்சட்டையும் தைப்பது. இலையுதிர் காலம் வந்தால் கத்தரிக்கோலையும் கனத்த இஸ்திரிப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்புவாள். ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். நாங்கள் நெய்து வைத்திருக்கிற கம்பளித் துணியை விரித்து, ஆண்பிள்ளைகளை நிற்க வைத்துக் காகிதப் பட்டையால் அளவெடுத்து, வெட்டி, தைத்து, காஜா எடுத்து முடிக்கிற வரைக்கும் எங்கள் மேஜையில்தான் சாப்பாடு, எங்கள் கட்டிலில்தான் படுக்கை. யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஒருத்தி உங்கள் சமையலறை ஜன்னலோரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் எதைத்தான் பார்க்கமாட்டாள்? யார் வீட்டில் தட்டு பறக்கிறது, யார் வீட்டில் பீன்ஸ் பானையில் உப்புக்கறி பெயருக்கு மட்டும் மிதக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

என் வீட்டிலும் ஒன்று பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஈனஸ் இறந்துபோன பிறகு அவருடைய பெரிய கோட்டை நான் எடுத்து வைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கவிட்டேன். சாயங்காலம் மகன் ஹைரம் மாட்டுக்கொட்டகைக்குப் போனதும், அந்தக் கோட்டிடம் நாலு வார்த்தை பேசுவேன். வைக்கோல் என்ன விலை போகிறது, எந்த மாடு சினையாக இருக்கிறது, அந்த மாதிரி. ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தால் ஜன்னலோரம் அக்ஸா. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை, காஜாவைப் பார்த்தபடி தைத்துக்கொண்டே இருந்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்காதவளை எப்படி நம்புவது?

இதை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கார்னீலியாவுக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் டீக்கன் ஸ்டாடர்ட் வீட்டில் எங்கள் தையல் கூட்டம் நடக்கும். சபையில் பாதிரியாருக்கு அடுத்த ஆள் அவர்தான். கடல் கடந்து ஊழியத்துக்குப் போனவர்களுக்குச் சட்டை தைத்து அனுப்புவோம். எல்லோர் கையிலும் ஊசி இருக்கும், ஒருத்தி மட்டும் சத்தமாகப் படிப்பாள். அவள்தான் டீக்கனின் மனைவி லவினா. பாலாடைக்கட்டி அழுத்துகிற மரத்தில் ஒரு காலத்தில் கட்டைவிரல் மாட்டி வளைந்துவிட்டதால் அவள் போடுகிற தையல் கோணல் கோணலாகப் போகும். அதனால் படிக்கிற வேலை அவளுக்கு. மற்றபடி லவினா என்று ஒருத்தி அந்த அறையில் இருப்பதே யாருக்கும் தெரியாது. டீக்கன் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள், போனால் உட்காருவாள். அவளுக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்று யாரும் கேள்விப்பட்டதே கிடையாது.

முதலில் பிரசங்கங்கள்தான் படித்துக்கொண்டிருந்தாள். பாதிப் பேர் தூங்கி வழிந்தோம். கடைக்காரர் மனைவி டிர்ஸா பாய்டன்தான் வாயாடி. அவள் போய் டீக்கனிடம் கெஞ்சிக் கூத்தாடி, பாஸ்டனிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகையை வரவழைத்தாள். டீக்கன் ஒரு கட்டளை போட்டார்.

"வர்ற அன்னைக்கே படிச்சிடணும். படிச்சு முடிச்ச கையோட அடுப்புல போட்டுடணும். பொய்க்கதை என் கூரைக்குக் கீழ ராத்தங்கக் கூடாது."

சரி என்றோம். லவினா படிப்பாள், கடைசி வரி முடிந்ததும் எழுந்து போய் அடுப்பைத் திறந்து உள்ளே போடுவாள். எங்களில் ஒருத்தியும் அந்தப் பத்திரிகையைக் கையால் தொட்டது கிடையாது. கைதான் ஊசியில் இருந்ததே.

கார்னீலியா வேன் என்று ஒரு பெண்ணைப் பற்றித் தொடர்கதை. அனாதைப் பெண். பணக்கார நீதிபதி ஒருவர் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்கிறார். இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அடிப் பாவி, நீதிபதியை வேணாங்கறாளே!" என்றாள் டிர்ஸா. "நான்லாம் கடைக்காரனுக்கே தலையாட்டினவ."

"நீ தலையாட்டல, உங்கப்பன் ஆட்டினாரு" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். லவினா மட்டும் சிரிக்காமல், நாங்கள் அடங்கும்வரை விரலைப் படித்த வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கோடையில் கதை வேறு பக்கம் திரும்பியது. கார்னீலியா தையல் கற்றுக்கொண்டு, மலையூர்களில் வீடு வீடாகப் போய்த் தைத்துப் பிழைக்க ஆரம்பித்தாள். எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. அடுத்த வாரம் அவள் போன வீட்டில் ஒரு ஆள் சர்க்கரைப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு திரிகிறான். டிர்ஸாவின் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் சங்கதி அது. அதற்கு அடுத்த வாரம் கார்னீலியா ஒரு விதவை வீட்டில் தங்குகிறாள். அந்த விதவை, செத்துப்போன புருஷனின் கோட்டிடம் வைக்கோல் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஊசி என் விரலில் நறுக்கென்று ஏறியது. சட்டைத் துணியில் ரத்தம். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "பாவம், எவ்வளவு பிரியம் இருந்தா அப்படிப் பேசுவா" என்று யாரோ சொன்னார்கள். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோட்டைப் பற்றி உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் டிர்ஸாவை வேலி ஓரமாக இழுத்தேன்.

"இது அக்ஸா வேலைடி. அவதான் எழுதி பாஸ்டனுக்கு அனுப்பறா."

"எனக்கும் அதேதான் தோணுச்சு டோர்கஸ் அக்கா. அந்தச் சர்க்கரைச் சாவியை வேற யாரு பாத்தா? ஒரு வாரம் உக்காந்து தைச்சிட்டு, நம்ம வீட்டு மானத்தை அச்சுல ஏத்திட்டாளே!"

"ஆத்திரப்படாத. முதல்ல நிச்சயம் பண்ணிக்குவோம்."

சும்மா விடுவேனா? ஹைரமின் பழைய கால்சட்டைக்கு ஒட்டுப்போட வேண்டும் என்று அக்ஸாவை ஒரு நாள் கூப்பிட்டேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். ஈனஸுக்கு என்னைக் கட்டுவதற்கு முன்னாலேயே ஆல்பனியில் ஒரு பெண்டாட்டி இருந்தாள் என்று. என் தங்கமான மனுஷன்! மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். அக்ஸா ஊசியை நிறுத்தி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படியா" என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவ்வளவுதான்.

அடுத்த வியாழன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கதையில் ஆல்பனிப் பெண்டாட்டி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் அக்ஸா குற்றமற்றவள் என்று நினைத்திருப்பாள். எனக்கா தெரியாது? நான் பொய் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் எழுதவில்லை. எவ்வளவு பெரிய கைகாரி என்று டிர்ஸாவிடம் சொன்னேன். அவளும் ஆமாம் ஆமாம் என்றாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அக்ஸாவை யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தோம். காரணத்தை அவளிடம் சொல்வதில்லை என்றும் முடிவு. அவளுக்கே தெரியும்போது நாம் ஏன் வாயைத் திறந்து கெட்ட பெயர் வாங்க வேண்டும்? நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது லவினா மேஜையில் தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கோப்பை கீழே விழுந்து உடைந்தது. "கை வழுக்கிடுச்சு" என்றாள். அந்த விரல் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அக்ஸா முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள். ஒரு கையில் இஸ்திரிப்பெட்டி, ஒரு கையில் பை.

"டோர்கஸ், இந்த வாரம் உன் வீடு."

"இந்த வருஷம் வேண்டாம் அக்ஸா."

"ஹைரம் கோட்டுல முழங்கை வெளிய தெரியுது. நேத்து ரோட்டுல பாத்தேன்."

"பாப்பியே! நீ பாக்காததுனு ஏதாவது இருக்கா? நானே தைச்சுக்கறேன்."

"நீயா?" என்றாள். அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. என் தையல் லட்சணம் அவளுக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை என்றதும் அவள் முகம் மாறியது.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு."

"உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் இஸ்திரிப்பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு டிர்ஸா வீட்டுப் பக்கம் நடந்தாள். அங்கேயும் சாத்தினார்கள். அதற்கடுத்த வீட்டிலும்.

அந்த வருஷம் எங்கள் ஆண்கள் போட்டுக்கொண்டு திரிந்த உடுப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஹைரமுக்கு நான் தைத்த கோட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. டீக்கனுடைய கால்சட்டை ஜெபத்துக்கு முழங்கால் போடும்போதே பின்னால் தையல் விட்டுவிட்டது. ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேலை இல்லாமல் அக்ஸா எத்தனை நாள் தாங்குவாள்? அண்ணன் ஜோத்தாம் வரப்போகிறான், முதல் பனி விழுந்து சறுக்குவண்டி ஓடத் தொடங்கியதும் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனோடு போகிறாள் என்று டிர்ஸா கடையில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். அந்த அடுப்படிப் பின்னறைக்குத்தான். வருஷக்கணக்கில் ஊசி குத்திச் சம்பாதித்த வீட்டை விட்டுவிட்டு, அண்ணன் பெண்டாட்டி கை நீட்டிய பக்கமெல்லாம் ஓட வேண்டும்.

"எப்பவோ போயிருக்க வேண்டியவதானே" என்றேன். சொன்னேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வாரக் கதையில் கார்னீலியா ஒரு ஊருக்குப் போகிறாள். ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லாமல் சாத்துகிறாள். காற்றில் கையெல்லாம் வெடித்து, கனத்த பெட்டியோடு சாலையில் நிற்கிறாள். லவினாவின் குரல் அன்றைக்கு நடுங்கியது. நாங்கள் அழுத மாதிரி அந்த வீட்டில் யாரும் அழுததில்லை.

"பாவிங்க! மனுஷ ஜென்மமா இவளுங்க?" டிர்ஸா மூக்கைச் சிந்தினாள். "ஒத்தைப் பொம்பளைய இப்படியா நடுத்தெருவுல நிறுத்துவாங்க? அந்த ஊரு உருப்படுமா?"

"நாசமாப் போகும்" என்றேன் நான். என் மடியில் இருந்த சட்டைக் காலர் நனைந்துபோயிருந்தது. லவினா படிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் பொறி தட்டியது. கதவு சாத்தினது யார்? நாங்கள்தானே! அப்படியானால் அந்தத் திமிர்க்காரி எங்கள் மேலேயே புகார் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள்! நாங்கள் கதவைச் சாத்தி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் பாஸ்டனுக்குப் போய் அச்சாகித் திரும்பி வர முடியுமா என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. நாம் கதவைச் சாத்துவோம் என்று முன்கூட்டியே தெரிந்து எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் மனசு எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறது. அன்றிலிருந்து அக்ஸா எதிரே வந்தால் நான் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன்.

நவம்பர் கடைசியில் வருகிற நன்றித் திருநாளுக்கு முந்தைய வாரம் என் சித்தி மகள் பிலூரா லோவலிலிருந்து வந்தாள். பஞ்சாலையில் வேலை. தலையில் ரிப்பன் வைத்த பெரிய தொப்பி. ஆலையில் நூல் ஓட்டுகிறவளுக்கு இவ்வளவு பெரிய தொப்பி எப்படி வந்தது என்று எனக்கு அவள் மேலும் ஒரு கண் இருந்தது. இருந்தாலும் விருந்தாளியாயிற்றே, வியாழக்கிழமை கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். முந்தின ராத்திரி பனி கொட்டியிருந்தது. ஆலைச் சாலையில் அக்ஸா வீட்டு முன்னால் ஒரு சறுக்குவண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் போனோம். ஜோத்தாம் வந்துவிட்டான்.

லவினா பத்திரிகையைப் பிரித்தாள். கார்னீலியா ஒரு மரக்குடிசையில் தனியாகக் குளிர்காலத்தைக் கழிப்பதாகப் படித்தாள். பிலூரா கையில் இருந்த டோனட்டைக் கீழே வைத்தாள்.

"இது எந்தக் கார்னீலியா?"

"கார்னீலியா வேன்" என்றாள் டிர்ஸா. "சும்மா இரு, நல்ல இடம்."

"அந்த நீதிபதியை வேணாம்னுட்டுப் போனவளா? எங்க விடுதியிலயும் இந்தப் பத்திரிகைதானே வருது. அவளுக்கு ஜூலை மாசமே கல்யாணம் ஆயிருச்சே!"

ஊசிகள் எல்லாம் அப்படியே நின்றன.

"யாருக்குக் கல்யாணம்?"

"கார்னீலியாவுக்குத்தான். அந்த நீதிபதியோட. நாங்க கேக் வாங்கிச் சாப்பிட்டோம். அவ எப்ப தையல்காரி ஆனா? குடிசை எங்கிருந்து வந்துச்சு?"

எல்லோரும் லவினாவைப் பார்த்தோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அவ சொல்றது சரிதான்" என்றாள். "ஜூலையில கார்னீலியாவுக்குப் புத்தி வந்துருச்சுன்னு போட்டிருந்தாங்க. அவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டா. கட்டிக்கிட்டா. அதுக்கப்புறம் அவ வாயே திறக்கல. பக்கம் பக்கமா அந்த ஆள்தான் பேசறான். போன மாசம் வேற கதை ஆரம்பிச்சுட்டாங்க."

"அப்ப நீ படிச்சது?"

"அந்த இடம் வந்தப்ப நீங்க எல்லாம் தைக்கிறதை நிறுத்திட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு நாக்கு வரல. இன்னும் கொஞ்ச தூரம் அவ நடக்கட்டும்னு விட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

நான் எழுந்தே விட்டேன். "நடக்க விட்டியா? யார் வீட்டுக்குள்ள நடக்க விட்ட? என் வீட்டுக்குள்ளயா?"

"தனியா நிக்கற பொம்பளைனா எனக்கு அக்ஸாவைத்தானே தெரியும் டோர்கஸ்? அதான் தையல்காரியா ஆக்கினேன்."

"என் கோட்டு விஷயம் உனக்கு யார் சொன்னா?"

"உனக்கு நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வந்துச்சே, கோட்டைப் பாத்து வைக்கோல் விலை பேசினியே, அப்ப உன் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? டிர்ஸா பிரசவத்துக்கு வெந்நீர் வச்சது யாரு? நான் வராத வீடு இந்த ஊர்ல ஏது? நீங்கதான் என்னைப் பாக்கல."

உண்மை. காய்ச்சலில் கிடந்தபோது யாரோ நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். அந்தக் கை யாருடையது என்று இன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

"கதவைச் சாத்தினதைப் படிச்சேனே" என்றாள் லவினா. "தேம்பித் தேம்பி அழுதீங்களே. இப்பவாவது போய் அவளைக் கூப்பிடுவீங்கன்னு பாத்தேன்."

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா அவருக்குத் தெரிஞ்சிருமே" என்றாள். மாடியில் டீக்கன் நடக்கிற சத்தம் கேட்டது. அவள் கண்கள் கூரையைப் பார்த்துவிட்டு இறங்கின.

அப்போது டிர்ஸா மெதுவாகக் கேட்டாள், "அப்ப அந்தக் குடிசையில... கார்னீலியா என்ன ஆவா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அறைந்திருப்பேன். ஆனால் அதையே நானும் கேட்க நினைத்தேன், அதனால்தான் கோபம் வந்தது. சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் எல்லோரும் வந்தார்கள். லவினா தொப்பிகூட வைக்காமல் பனியில் ஓடி வந்தாள்.

ஜோத்தாம் மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அக்ஸா வாசலைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"என்ன, வழியனுப்ப வந்தீங்களா?"

லவினாதான் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கார்னீலியாவைத் தையல்காரி ஆக்கியது, சர்க்கரைச் சாவி, கோட்டு, நாங்கள் அக்ஸா மேல் சந்தேகப்பட்டது, தெரிந்தும் தான் வாயை மூடிக்கொண்டிருந்தது. அக்ஸா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் கையுறையில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் கடைசியில். "நான் ஏதோ துணி திருடிட்டேன்னு நினைச்சுட்டீங்களோன்னு ராத்திரியெல்லாம் வெட்டினது ஒவ்வொண்ணையும் நினைச்சுப் பாத்தேன்."

"தப்பாப் போச்சு அக்ஸா" என்றேன். அந்த வார்த்தை என் தொண்டையை விட்டு வெளியே வர என்ன பாடு பட்டது தெரியுமா! "திங்கட்கிழமை என் வீட்டுக்கு வா. அப்புறம் டிர்ஸா வீடு. எல்லா வீட்டுலயும் துணி அப்படியே கிடக்கு. ஹைரமை வந்து பாரு, சோளக்கொல்லை பொம்மை மாதிரி திரியறான்."

ஜோத்தாம் குறுக்கே வந்தான். "அதெல்லாம் முடிஞ்ச கதை. வண்டியில ஏறு அக்ஸா. இந்தப் பொம்பளைங்க இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அண்ணன் வீடு இருக்கறப்ப உனக்கென்ன தலையெழுத்தா?"

"மூட்டையை இறக்கு அண்ணா."

"என்னது?"

"இறக்குன்னேன். எனக்கு வேலை வந்துருச்சு."

டிர்ஸா கை தட்டினாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அக்ஸாவின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பூட்டைத் திறக்கத் திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"ஆனா யார் வீட்டுக்கும் வரமாட்டேன். துணியை இங்க கொண்டாங்க. ஆம்பளைங்களை அனுப்புங்க, இங்கயே அளவெடுத்துக்கறேன். தைச்சு முடிச்சதும் சொல்லி அனுப்பறேன்."

ஒரு வாரம் கழித்து டீக்கனுக்கு விஷயம் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, எனக்கு டிர்ஸா மேல்தான் சந்தேகம். பத்திரிகை நின்றது. மறுபடியும் பிரசங்கம். லவினா பழையபடி ஒரே குரலில் படிக்கிறாள், நாங்கள் பழையபடி தூங்கி வழிகிறோம். கார்னீலியா என்ன ஆனாள் என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக அவளைக் கிணற்றடியில் மடக்கிக் கேட்டுப் பார்த்தோம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள்.

அக்ஸா சொன்ன சொல்லை மாற்றவில்லை. முன்னறையில் பெரிய வெட்டு மேஜை போட்டாள். கதவோரம் ஒரு பெஞ்சு. துணி கொண்டுபோகிறவர்கள் அந்தப் பெஞ்சு வரைக்கும்தான். இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். யாருக்கும் தைத்துத் தரமாட்டேன் என்று அவள் சொன்னதில்லை, யாரிடமும் முகம் கோணியதும் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. என் வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவே இல்லை.

போன இலையுதிர் காலத்தில் ஹைரமின் கல்யாணக் கோட்டுக்குத் துணி கொண்டுபோனேன். அவள் விரல் வைத்துப் பார்த்து நல்ல நெசவு என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அக்ஸா, ஹைரம் தனிக்குடித்தனம் போகப்போறான். நான் ஒண்டியாத்தான் இருக்கேன். தைக்க வேண்டாம், சும்மா ஒரு நாள் வந்து என்கூட சாப்பிட்டுட்டுப் போயேன். இன்னுமா என் மேல கோபம்?"

"கோபமா? இல்லையே" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்க எல்லார் வீட்டுலயும் உக்காந்திருந்தப்ப, என் வீடு மாதிரிதான் நினைச்சேன் டோர்கஸ். எதைப் பாத்தாலும் அது என் வீட்டு விஷயம்னுதான் வாயை மூடிக்கிட்டேன். நீங்க என்னைக் கண்காணிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சு போச்சு. இனிமே உன் வீட்டுல எந்தப் பக்கம் பாத்து உக்காருவேன், சொல்லு?"

துணியைப் பெஞ்சில் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஹைரமை அளவுக்கு அனுப்பச் சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் எழுந்து வந்து கதவை மெதுவாக, காற்று வராமல், சாத்திக்கொண்டாள்.